நோலீன் குனிந்து பார்க்காத வண்டி

நோலீன் கிரிகரின் கால்சட்டைகள் எல்லாவற்றிலும் முழங்கால் இடத்தில் தோல் ஒட்டுப் போட்டிருக்கும். அவளே ஊசியும் தடித்த நூலும் வைத்துத் தைத்தது. எங்கள் பக்கத்துக் குளிர்காலமான ஜூனில் பனி விழத் தொடங்கினால் செப்டம்பர் கடைசி வரை, ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது முறை அவள் மண்டி போடுவாள். ஈரச் சரளையில், சேற்றில், டீசல் சிந்திய இடத்தில், எங்கே வண்டி நிற்கிறதோ அங்கே. டயரின் பக்கவாட்டில் அப்பியிருக்கும் சேற்றைக் கட்டைவிரலால் வழித்துவிட்டு, அதில் அச்சடித்திருக்கும் எண்ணை வாய்விட்டுப் படிப்பாள். பிறகு மூன்று விரலைச் சேர்த்து டயருக்கும் அதன் உள்பக்க இரும்புக்கும் நடுவே நுழைப்பாள். மூன்று விரலும் தடையில்லாமல் போனால் சாதாரணச் சங்கிலி. இரண்டுதான் போனால் மெல்லிய கண்ணி வைத்த சங்கிலி. ஒன்றுதான் போனால், "கண்ணு, இந்த வண்டிக்குச் சங்கிலி கிடையாது. பஸ்ஸுல போ" என்பாள்.

மலைக்குப் போகிற பாதையில் எங்கள் ஹார்னெட் கிரீக்தான் கடைசி ஊர். அதற்கு மேல் முப்பது கிலோமீட்டர் வளைவுகளும் யூகலிப்டஸ் மரங்களும் பனியில் ரோட்டின் ஓரத்தைக் காட்டும் ஆரஞ்சு நிறக் கம்பங்களும்தான். பனிக்காலத்தில், சக்கரம் வழுக்காமல் டயரைச் சுற்றி மாட்டுகிற சங்கிலி இல்லாமல் மேலே போகக் கூடாது என்பது சட்டம். மெல்போர்னிலிருந்து வருகிறவர்கள் எங்கள் ஷெட்டில் நின்று சங்கிலி வாடகைக்கு எடுத்துக்கொண்டு போவார்கள். இறங்கி வரும்போது வாசலில் இருக்கும் இரும்புத் தொட்டியில் பையைப் போட்டுவிட்டுப் போவார்கள்.

ஒவ்வொரு பைக்கும் ஓர் எண் உண்டு. பையின் வாயில் அதே எண் வெட்டிய தகரத் தகடு கட்டியிருக்கும். பை வெளியே போகும்போது தகட்டைக் கழற்றிக் கதவுப் பக்கத்துப் பலகையில் அடித்திருக்கும் ஆணிகளில் ஒன்றில் மாட்டுவோம். பை திரும்பினால் தகடு ஆணியிலிருந்து இறங்கிப் பையில் ஏறும். ஆணியில் தகடு தொங்கினால், அந்தப் பையும் அதை எடுத்துப் போன ஆட்களும் இன்னும் மலையில் இருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆணிகள் காலியாகாமல் நோலீன் ஷெட்டைப் பூட்ட மாட்டாள்.

ஒரே ஒரு தகடு மட்டும் எப்போதும் இறங்காது. மூலையில், மற்ற ஆணிகளை விட்டுத் தள்ளி, துருப்பிடித்துத் தொங்கும். நாற்பத்தொன்று.

நான் அங்கே வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருஷம் கழித்துத்தான் அதைப் பற்றி அவள் சொன்னாள். நான் கேட்கவில்லை. நான் எதையும் கேட்கிற ஆள் இல்லை. பதினாலு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு, புகையிலைத் தோட்டத்தில் இலை கட்டி, பிறகு இங்கே வந்தவள். என்னை வேலைக்கு எடுத்தபோது நோலீன் சொன்ன காரணமே அதுதான்.

"நீ பேச மாட்டே, க்ளெனிஸ். பேசாதவ எண்ணை ஒழுங்கா காதுல வாங்குவா."

நாற்பத்தொன்று போனபோது நோலீனுக்கு முப்பது வயது. புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி, மஞ்சள் நிற வண்டி. பின்னால் நீள வரிசை. "டயர் என்ன அளவு?" என்று ஜன்னலிலிருந்தே கேட்டாள். "பதினாலு இஞ்ச்" என்றான் அந்தப் பையன். கொடுத்தாள். அன்று மாலை ஆணி காலியாகவில்லை. மூன்றாம் நாள் அந்த வண்டியை இழுத்துவந்து ஊர்க்கோடியில் வாலியின் பழைய வண்டிக் கிடங்கில் போட்டார்கள். விசாரணைக் காகிதத்தில் வளைவு, பனிக்கட்டி, வேகம் என்று எழுதியிருந்தது. நோலீன் தனியாகக் கிடங்குக்குப் போய், மண்டி போட்டு, சேற்றை வழித்துப் படித்தாள். பதின்மூன்று. அவளுடைய சங்கிலி ஒரு அளவு பெரியது. தொளதொளவென்று கழன்று அச்சில் சுற்றி, பாதி அறுந்து கிடந்தது.

"எல்லாரும் பொய் சொல்றதில்ல, க்ளென்," என்றாள், தேநீரைப் பார்த்துக்கொண்டே. "தெரியாம சொல்றாங்க. ஆனா மலைக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

அதிலிருந்துதான் தோல் ஒட்டு.

அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. புருஷன் ஆல்ஃப் சாலை வேலையில் இருந்தான். இளம் வயதிலேயே நெஞ்சு வலியில் போய்விட்டான். அவனுடைய பச்சை யூட் வண்டியை, பின்னால் திறந்த தட்டு வைத்த அந்தப் பழைய வண்டியை, அவள் விற்கவில்லை. தம்பி கெல்வின் எங்கள் ஊர் ரொட்டிக்காரன். அவன் மகள் ட்ரூடிதான் நோலீனுக்கு உயிர். ட்ரூடிக்குப் பல் முளைத்தபோது கடிக்கக் கொடுத்தது சங்கிலிக் கண்ணி என்று கெல்வின் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அது எங்கள் ஊர் வழக்கம்.

உள்ளூர்க்காரர்கள் வரிசையில் நிற்பதில்லை. பின்வாசல் வழியாக வருவார்கள். அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பா உண்டு. ஒவ்வொரு வீட்டு வண்டிக்கும் அதில் ஓர் அட்டை. பெயர், வண்டி, டயர் அளவு, எந்தச் சங்கிலி. பெயரைச் சொன்னால் அட்டையைப் பார்த்துப் பையைக் கொடுப்போம். ஓர் உள்ளூர்க்காரனை நிறுத்தி, அவன் டயரைக் குனிந்து பார்ப்பது என்பது, 'நீ யார், எந்த ஊர்?' என்று அவனைக் கேட்பது போல. அப்படி யாரும் கேட்டதில்லை. நோலீனும்கூட.

"அவங்க நம்ம ஆளுங்க," என்பாள். "அவங்களுக்கு மலை தெரியும்."

அந்த வருஷம் ஆகஸ்ட் மாதம், ஒரு வியாழக்கிழமை, கரவாங் பறவைகள் மலையை விட்டு இறங்கி வந்தன. கறுப்பாக, மஞ்சள் கண்ணோடு, மின்கம்பிகளிலும் பள்ளிக்கூட வேலியிலும் உட்கார்ந்துகொண்டு கத்தாமல் பார்த்துக்கொண்டிருந்தன. வெள்ளிக்கிழமை முழுக்க வெதுவெதுப்பான மழை. சனிக்கிழமை விடிந்தபோது காற்று தெற்குக்குத் திரும்பியிருந்தது. மழை பெய்த ரோடு அப்படியே உறைந்திருக்கும் என்று சொல்ல யாரும் தேவையில்லை.

காலை எட்டு மணிக்கு, இரு பக்கமும் பேசுகிற வானொலிப் பெட்டியில் ரெக் பேசினான். ரெக் பனி ஒதுக்கும் பெரிய வண்டியை ஓட்டுகிறவன்.

"நோல், மேலே வாணலியில எண்ணெய் தடவின மாதிரி இருக்கு. மேல புதுப் பனி, அடியில கண்ணாடி. சேணத்துல நானே சறுக்கினேன். யாருக்கும் தொளதொளன்னு எதையும் குடுத்து அனுப்பாதே."

சேணம் என்பது மலை உச்சிக்கு முன்னால் ரோடு இரண்டு கிலோமீட்டர் சரேலென்று இறங்கி மறுபடி ஏறுகிற இடம். மேலே போகிறவன் முதல் முறையாக பிரேக்கை நம்ப வேண்டிய இடம் அதுதான்.

"எப்போ நான் தொளதொளன்னு குடுத்தேன்?" என்றாள் நோலீன். சொல்லிவிட்டு மூலை ஆணியைப் பார்த்தாள். நான் அதைக் கவனித்தது அவளுக்குத் தெரியாது.

ஒன்பது மணிக்குள் முப்பது வண்டிகள் வரிசையில் நின்றன. நோலீன் முதல் வண்டியிலிருந்து மண்டி போட்டுக்கொண்டே வந்தாள். நான் ஷெட்டுக்குள் நின்று அவள் கத்துகிற எண்ணுக்குப் பையை எடுத்து ஜன்னலில் வைத்தேன். ஆறாவது வண்டிக்காரர் உயரமான, புதிய, பெரிய வண்டி வைத்திருந்தார். கழுத்தில் கம்பளிச் சால்வை.

"இது நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிங்க. எனக்கு எதுக்குச் சங்கிலி?"

"ஏறுறதுக்கு நாலு சக்கரம் உதவும் கண்ணு. நிக்கிறதுக்கு உன் வண்டிக்கும் என் பாட்டி தள்ளுவண்டிக்கும் வித்தியாசம் இல்ல."

"எல்லாச் சங்கிலியும் ஒண்ணுதானே? சீக்கிரம் ஏதாவது ஒண்ணைக் குடுங்க."

"உன் பொண்டாட்டி செருப்பை நீ போட்டுட்டு வந்திருக்கியா? இல்லையே. காலை நகர்த்து, நான் படிக்கணும்."

வண்டிக்குள்ளிருந்து அவர் மனைவி பலமாகச் சிரித்தாள். அவர் காலை நகர்த்தினார்.

அப்போதுதான் கெல்வின் வந்தான். ரொட்டி வேனில் அல்ல. வேனின் கிளட்ச் அன்று காலை போய்விட்டிருந்தது. ட்ரூடியின் வெள்ளை வண்டியில், பின் சீட்டெல்லாம் ரொட்டித் தட்டுகளை அடுக்கிக்கொண்டு வந்தான். பக்கத்தில் ட்ரூடி உட்கார்ந்து சூடான பன் தின்றுகொண்டிருந்தாள். பதினெட்டு வயது. மேலே தங்கும் விடுதிச் சமையலறையில் அன்று அவளுக்கு முதல் நாள் வேலை. அறுபது பேர் காலைச் சாப்பாட்டுக்குக் காத்திருந்தார்கள்.

வண்டியைப் பின்வாசலில் நிறுத்திவிட்டு, வரிசையில் மண்டி போட்டிருந்த அக்காவைப் பார்த்துக் கத்தினான்.

"நோல்! இன்னும் எத்தனை டயருக்குப் பாவமன்னிப்பு குடுக்கணும்?"

"உன்னோட பாவத்துக்கு நான் படுத்தே கிடக்கணும்டா!" என்று அவள் நிமிராமலே கத்தினாள். "ட்ரூடி செல்லம், தொப்பி எங்கே?"

"பையில இருக்கு அத்தை!"

"தலையில இருக்கணும்!"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நோலீன் ஆறாவது வண்டியின் மறுபக்கம் போய்விட்டாள். அங்கிருந்து பின்வாசல் தெரியாது.

கெல்வின் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். "எங்க வீட்டுக் கார்டை எடு க்ளென். வெள்ளை வண்டி. சீக்கிரம், ரொட்டி ஆறுது."

டப்பாவைத் திறந்தேன். அட்டை இருந்தது. நோலீனின் கையெழுத்து, ஆறு வருஷத்துக்கு முந்தையது. அந்த வண்டி கெல்வினின் மனைவி கையில் இருந்த காலத்தில் எழுதியது. பை ஐம்பத்தெட்டு. கொக்கியிலிருந்து பையை இறக்கும்போது ஜன்னல் வழியாக வண்டியைப் பார்த்தேன்.

சக்கரங்கள் புதியவை. வெள்ளிபோல மின்னின. அகலமானவை. இரும்புக்கும் தரைக்கும் நடுவே இருந்த ரப்பர் முன்பு நான்கு விரல் உயரம் இருக்கும். இப்போது இரண்டு விரல்தான் இருந்தது. ட்ரூடியின் சினேகிதன் அவள் பிறந்தநாளுக்கு மாட்டிக் கொடுத்தது என்று ஊரில் பேசிக்கொண்டது நினைவுக்கு வந்தது.

வாயைத் திறந்தேன்.

"என்ன, பேசப் போறியா?" என்றான் கெல்வின். கண்ணை அகல விரித்தான். "ட்ரூடி! இங்கே வா, க்ளெனிஸ் பேசப் போறா! இன்னைக்குப் பனி நிச்சயம்!"

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவன் எப்போதும் அப்படித்தான். ஆனால் ஜன்னலருகே நின்ற வெளியூர்க்காரர்கள் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. நோலீன் பார்த்திருப்பாள், அவள் பார்க்காத சக்கரமா, என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பையை நீட்டினேன். அவன் வாங்கிக்கொண்டு கண்ணடித்துவிட்டுப் போனான். ஐம்பத்தெட்டாம் தகட்டை ஆணியில் மாட்டினேன்.

அதற்குப் பிறகு நோலீன் வெளியிலிருந்து கத்திய எண்களில் இரண்டை நான் தப்பாகக் காதில் வாங்கினேன். ஒன்பது வருஷத்தில் முதல் முறை.

வரிசை குறைந்தபோது அவள் கை சூடேற்றிக்கொள்ள உள்ளே வந்தாள். அடுப்பில் கையைக் காட்டிக்கொண்டே, வழக்கம்போலத் தகடுகளை வரிசையாகப் பார்த்தாள்.

"ஐம்பத்தெட்டு யாரு?"

"கெல்வின்."

"வேன் பை முப்பதாச்சே?"

"வேன் ஓடல. ட்ரூடி வண்டியில போனான்."

அவள் கை அடுப்புக்கு மேலே அப்படியே நின்றது. "அந்த வண்டியைப் பார்த்தியா? பின்னாடி நின்னுதே. நான் பார்க்கல."

நான் ஆணியில் தொங்கிய ஐம்பத்தெட்டைப் பார்த்தேன்.

"க்ளென். சக்கரத்தைப் பார்த்தியா?"

"பார்த்தேன்," என்றேன். "வேற சக்கரம். அகலம். ரப்பர் ரெண்டு விரல்தான்."

அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் இறங்கிப் போயிற்று.

"அதுக்கு நம்மகிட்ட சங்கிலியே கிடையாது," என்றாள் மெதுவாக. "ஐம்பத்தெட்டு அதுல மாட்டும். அதுதான் கஷ்டம். மாட்டாம இருந்தா திரும்பி வந்திருப்பான். மாட்டும், தொங்கும். கெல் அதைக் கம்பி வச்சு இழுத்துக் கட்டிட்டு, சரியாயிடுச்சும்பான். சுத்தச் சுத்த உள்பக்கம் அடிக்கும். உள்ளே பிரேக் குழாய் இருக்கு."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அவர்கள் போய் முப்பத்தைந்து நிமிஷம். பனி தொடங்கும் இடம்வரை இருபது நிமிஷம். சங்கிலி மாட்டப் பத்துப் பதினைந்து நிமிஷம். அதற்கு மேல் சேணத்துக்கு இன்னும் இருபது நிமிஷம்.

வானொலிப் பெட்டியை எடுத்து ரெக்கைக் கூப்பிட்டாள். இரைச்சல்தான் வந்தது. உச்சிக்கு அந்தப் பக்கம் போய்விட்டால் அவனுக்குக் கேட்காது, திரும்பினால்தான் கேட்கும். மூன்று முறை கூப்பிட்டுவிட்டு, பெட்டியை என் கையில் திணித்தாள்.

"நான் போறேன். நீ கூப்பிட்டுட்டே இரு. பதில் வர்ற வரைக்கும் நிறுத்தாதே. சேணத்துல இறக்கம் ஆரம்பிக்கிற மேல் முனையில வண்டியைக் குறுக்கே நிறுத்தச் சொல்லு. கெல் இறங்கக் கூடாது."

"எனக்கு அதுல பேசி..."

"பேசு," என்றாள். தொப்பியைக்கூட எடுக்கவில்லை. பச்சை யூட் பின்பக்கம் லேசாக வழுக்கி, நேராகி, ரோட்டில் ஏறியது.

நான் பொத்தானை அழுத்தினேன். ஷெட் வாசலில் ஏழெட்டுப் பேர் தங்கள் பைகளுக்காக நின்றுகொண்டிருந்தார்கள்.

"ரெக்," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"சத்தமா, அம்மா," என்றார் ஒருவர். பார்த்தால், சால்வைக்காரர். பையைப் பிரித்துச் சங்கிலி மாட்டிப் பழகிக்கொண்டிருந்ததில் அவர் இன்னும் கிளம்பியிருக்கவில்லை. "வெளியில இருந்தே எல்லாம் கேட்டுச்சு. நீங்க பேசுங்க. இவங்களை நான் பார்த்துக்கிறேன்." திரும்பி மற்றவர்களைப் பின்னால் தள்ளினார்.

"ரெக், ரெக். ஷெட்லேருந்து."

இரைச்சல்.

எவ்வளவு நேரம் என்று இப்போதும் என்னால் சரியாகச் சொல்ல முடியாது. கடிகாரம் பதினேழு நிமிஷம் காட்டியது. ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். நாக்கு காய்ந்தது. யாரோ என் முன்னால் தண்ணீர் வைத்தார்கள். வெளியே பனி விழத் தொடங்கியது. பெரிய பெரிய இதழாக, அவசரமே இல்லாமல்.

பெட்டி கரகரத்தது. "யாரு அது?"

"ரெக், க்ளெனிஸ்."

"எந்த க்ளெனிஸ்?"

"ஷெட் க்ளெனிஸ்!"

"போ, போ. அவ பேசவே மாட்டாளே. யாரு விளையாடுறது? இந்த அலைவரிசையில விளையாடக் கூடாது, தெரியுமில்ல?"

அப்போது நான் கத்தினேன். என் வாழ்க்கையில் அதுவரை கத்தியதெல்லாம் சேர்த்து அந்த ஒரு தடவை கத்தினேன் என்று நினைக்கிறேன். "ரெக், வாயை மூடிட்டுக் கேளு! கெல்வினும் ட்ரூடியும் வெள்ளை வண்டியில வர்றாங்க. சங்கிலி தப்பு. பிரேக் போயிடும். சேணத்து மேல் முனையில குறுக்கே நில்லு. இப்பவே!"

பிறகு, "போறேன்."

மறுபடி இரைச்சல். யாரும் நகரவில்லை. சால்வைக்காரரின் மனைவி என் தோளில் கை வைத்திருந்தாள். அதை நான் பிறகுதான் கவனித்தேன்.

பதினொரு நிமிஷம் கழித்து ரெக் வந்தான்.

"புடிச்சிட்டேன். கேக்குதா? ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. பிரேக்கை மிதிச்சிருக்கான், பாதி தூரம் உள்ளே போயிடுச்சாம். உருண்டு வந்து என் வண்டியோட பனி தள்ளுற பிளேடுல முட்டி நின்னுது. குழாயைப் பார்த்தேன். நூல் கனத்துக்கு ஒட்டிட்டிருக்கு. எண்ணெய் சொட்டுது. இன்னும் ஒரு வளைவு போயிருந்தா..." அவன் முடிக்கவில்லை. பின்னால் கெல்வின் குரல் கேட்டது: "அதான் கம்பி போட்டுக் கட்டினேனே, நல்லா இறுக்கமாத்தானே இருந்துச்சு!" ட்ரூடி அழுதுகொண்டிருந்தாள்.

ஷெட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சிலர் கைதட்டினார்கள். நான் அப்படியே உட்கார்ந்தேன்.

"நோல்கிட்ட சொல்லிடு," என்றான் ரெக். "உயிர் வரட்டும் அவளுக்கு."

"அவ இங்க இல்ல. மேலதான் வர்றா. யூட்ல."

"யூட்லயா? சங்கிலி போட்டிருக்காளா?"

நான் திரும்பிச் சுவரைப் பார்த்தேன். முதல் கொக்கியில், எல்லாப் பைகளுக்கும் முன்னால், ஒன்றாம் எண் பை தொங்கிக்கொண்டிருந்தது. ஆல்ஃப் காலத்துப் பை. யூட் வண்டிக்கானது. அதன் வாயில் தகடு அப்படியே கட்டியிருந்தது.

ரெக் அவர்களைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு மெதுவாக இறங்கினான். மூன்று பேரும் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வந்தார்கள். பனி தொடங்கும் இடத்தில், எல்லோரும் நின்று சங்கிலி மாட்டும் மைதானம்வரை பச்சை யூட் எதுவும் எதிரே வரவில்லை. மைதானத்தில் சிலர் வண்டிக்கு அடியில் படுத்து மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஆமாம், பச்சை வண்டி ஒன்று நிற்காமலே போனது, ஓட்டியது ஒரு பெண், வழிவிடச் சொல்லிக் கையை ஆட்டினாள் என்றார்கள். அவள் நின்றிருந்தால் மாட்டுவதற்குப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். மற்றவர்களுக்கு ஆகிற அந்தப் பத்து நிமிஷம் அவளிடம் இல்லை.

ரெக் திரும்பி ஏறினான். புதிய பனி தடங்களை மூடியிருந்தது. நான்காவது வளைவில் ஓர் ஆரஞ்சுக் கம்பம் இல்லை. இறங்கும்போது அவர்கள் அதைக் கவனிக்கவில்லை; இருக்கிற கம்பத்தைத்தான் கண் பார்க்கும். இருபது மீட்டர் கீழே, ஒரு யூகலிப்டஸ் மரத்தில் யூட் சாய்ந்து நின்றது. மதியம் இரண்டு மணி.

"கை பிரேக்கை முழுசா இழுத்திருக்கா," என்று மட்டும் ரெக் சொன்னான்.

அன்று மாலை வெளியூர்க்காரர்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். செய்தி தெரிந்தவர்கள் சத்தம் வராமல் பையைத் தொட்டியில் வைத்தார்கள். நான் ஒவ்வொன்றாக எடுத்துத் தகட்டைக் கட்டினேன். ஐம்பத்தெட்டை ரெக் கொண்டுவந்து கொடுத்தான். அதில் கெல்வினின் கம்பி இன்னும் முறுக்கியபடி இருந்தது. இருட்டுவதற்கு முன்னால் ஆணிகள் காலி. மூலையில் நாற்பத்தொன்று மட்டும். நோலீனின் கணக்குப்படி மலையில் யாரும் இல்லை, ஷெட்டைப் பூட்டலாம். அவள் எந்தப் பையும் எடுத்துப் போகவில்லை, அதனால் அவளுக்கென்று தொங்க ஒரு தகடு இல்லை.

நான் பூட்டவில்லை.

அடுத்த வாரம் வாலியின் கிடங்குக்குப் போனேன். யூட்டின் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்டி போட்டேன். சேற்றை வழித்தேன். எண்ணைப் படித்தேன். ரப்பரில் கோடுகளே இல்லை; உள்ளங்கைபோல வழவழவென்று இருந்தது. நான் பார்க்க ஒன்பது வருஷம் அந்த வண்டி ஷெட் வாசலிலேயே நின்றது. அதன் சக்கரத்துக்குப் பக்கத்தில் அவள் ஒரு முறைகூட மண்டி போட்டதில்லை. பிஸ்கட் டப்பாவில் தேடினேன். ஊரில் எல்லோருக்கும் அட்டை இருந்தது, அவளுக்கு இல்லை. அட்டைகளை அடுப்பில் போட்டேன். டப்பாவில் இப்போது கொக்கிகளும் ரப்பர் வளையங்களும் வைத்திருக்கிறேன்.

ஷெட் கெல்வினுக்குத்தான் வந்தது. நீயே நடத்து என்று சொல்லிவிட்டு அவன் அந்தப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டான். அடுத்த ஜூன் மாதம், முதல் பனிக்கு, ரொட்டி வேனோடு பின்வாசலுக்கு வந்தான். பின்வாசலை நான் பலகை அடித்து மூடியிருந்தேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வேனைச் சுற்றிக் கொண்டுவந்து மெல்போர்ன் வண்டிகளுக்குப் பின்னால் நிறுத்தினான். பதினோராவது.

அவன் முறை வந்தபோது நான் பக்கத்தில் போனேன்.

"க்ளென்," என்றான். "இது என் வேன். தினமும் பார்க்கிறே. முப்பதாம் பை. என் நம்பர் உனக்குத் தெரியாதா?"

"தெரியாது," என்றேன். "தள்ளி நில்லு, கெல்."

முன்னாலும் பின்னாலும் இருந்தவர்கள் பார்த்தார்கள். முகம் எரிந்தது. எரியட்டும். அவன் தள்ளி நின்றான். நான் மண்டி போட்டு, கட்டைவிரலால் சேற்றை வழித்து, எண்ணை வரிசையின் கடைசி வண்டிக்கும் கேட்கிற மாதிரி படித்தேன்.